பிரிண்டர் ஏன் பேசாமல் நிற்கிறது? உள்ளீடு வெளியீட்டின் அடுக்குகள்

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிற பிள்ளைகளிடம் பணிசெயல் முறைமை (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) என்னென்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். செயன்முறை முகாமைத்துவம், நினைவக முகாமைத்துவம், கோப்பு முகாமைத்துவம் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள், புரொசசர் நேரத்தை முறைவைத்துப் பங்கிடும் ரவுண்ட் ரொபின் அட்டவணைகூடப் போட்டுக் காட்டுவார்கள். உள்ளீடு வெளியீடு என்று வந்தால் மட்டும் "சாதனங்களையும் அதுதான் பார்த்துக்கொள்ளும் சேர்" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் லினக்ஸின் கருவான கெர்னலின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் அதில் பாதிக்கு மேல், சாதனங்களை ஓட்டும் நிரல்களுக்கான 'டிரைவர்ஸ்' என்ற ஒரே கோப்புறைக்குள் கிடக்கிறது. களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, எந்த ஊரில் ஒரு கொமினிகேஷன் கடைக்குள் போய் நின்றாலும் காதில் விழும் முறைப்பாடுகளும் அந்தப் பாதியைப் பற்றியவைதான். "அண்ணே, பிரிண்ட் வருதில்ல." "நானா, பென் டிரைவ்ல ஃபைலைக் காணல்ல." "தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருது." ரவுண்ட் ரொபின் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு இதுவரை யாரும் கடைக்கு வந்ததில்லை.

இந்த முறைப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. பணிசெயல் முறைமை தன் உள்ளீட்டு வெளியீட்டு மென்பொருளை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருப்பதால், கோளாறு எந்த அடுக்கில் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகிக்கத் தெரியாதபோதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம்.

ஏன் அடுக்குகள் தேவைப்பட்டன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேகமாகத் தட்டச்சு செய்கிற ஒருவர் செக்கனுக்குப் பத்து எழுத்து அடிப்பார். இப்போது வருகிற என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒரு செக்கனில் சில நூறு கோடி பைட்டுகளைத் தரும். இந்த இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம், இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மென்பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் போதாதென்று பிரிண்டர் ஒரு பாஷை, ஸ்கேனர் ஒரு பாஷை, வைஃபை வேறொரு பாஷை. விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்தில் இந்தத் தலையிடியை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே சுமந்தது. கடிதம் அடிக்கும் மென்பொருளான வேர்ட்பெர்பெக்ட் தன்னுடைய பிரிண்டர் டிரைவர்களைத் தானே கொண்டு வந்தது. பக்கத்தில் இருக்கும் வேறொரு மென்பொருளில் அதே பிரிண்டரில் அச்சடிக்க வேண்டுமென்றால் அதற்கு அந்த மென்பொருளின் டிரைவர் வேண்டும். விண்டோஸ் வந்த பிறகு ஒரு பிரிண்டருக்கு ஒரு டிரைவர், எல்லா மென்பொருளுக்கும் அதுவே பொது என்றானது. இன்றைக்கு இது பெரிய விஷயமாகவே தெரியாது, ஆனால் விண்டோஸ் பரவியதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம் என்பது என் எண்ணம்.

சரி, அடியிலிருந்து தொடங்குவோம். பணிசெயல் முறைமை உண்மையில் பிரிண்டரையோ கீபோர்டையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் முன்னால் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது, அதற்குள் சில பதிவகங்கள்: கட்டளை எழுத ஒன்று, நிலைமையை வாசிக்க ஒன்று, தரவைப் போட எடுக்க ஒன்று. முறைமைக்குத் தெரிந்ததெல்லாம் இவைதான். பழைய பீ.சி.யில் இவற்றுக்குப் போர்ட் எனப்படும் நிரந்தர இலக்கங்களே இருந்தன. கீபோர்டுக்கு 96ஆம் போர்ட், அந்தத் தடித்த கேபிளில் வந்த பிரிண்டருக்குப் பெரும்பாலும் 888ஆம் போர்ட். இன்டெல் வழிவந்த கணினிகளில் இப்படி 65,536 போர்ட்கள் உண்டு. இன்றைய சாதனங்கள் பெரும்பாலும் இந்தப் போர்ட்களை விட்டுவிட்டு நினைவக முகவரிகளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அதாவது ஒரு குறிப்பிட்ட முகவரியில் எழுதினால் அது ராமுக்குப் போகாமல் சாதனத்துக்குப் போகும்.

அடுத்த கேள்வி காத்திருப்பது பற்றியது. புரொசசர் 3 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், செக்கனுக்கு 300 கோடி சுழற்சிகள். நம்முடைய வேகத் தட்டச்சாளர் ஒரு எழுத்தை அடித்து அடுத்ததை அடிப்பதற்குள் 30 கோடி சுழற்சிகள் கடந்துவிடும். அந்த நேரம் முழுக்க "விசை அழுத்தினாயா, விசை அழுத்தினாயா" என்று நிலைமைப் பதிவகத்தையே வாசித்துக்கொண்டிருந்தால் வேறு எந்த வேலையும் நடக்காது. ஆகவே இன்டரப்ட். புரொசசர் தன் வேலையைப் பார்க்கும், சாதனத்துக்கு ஏதாவது சொல்ல இருந்தால் ஒரு மின்சமிக்ஞை வரும், புரொசசர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, நிலையைச் சேமித்துவிட்டு, அந்த இன்டரப்டுக்கென்று எழுதப்பட்ட சிறு நிரலுக்குத் தாவும். பழைய பீ.சி.யில் கீபோர்டுக்கு 1ஆம் இலக்கக் கோடு, பிரிண்டருக்கு 7ஆம் இலக்கம். 1990களில் சவுண்ட் கார்ட் போட்டு விளையாட்டுக்குச் சத்தம் வரவைக்கப் பாடுபட்டவர்களுக்கு இந்த இலக்கங்கள் இன்னும் மறந்திருக்காது.

இந்த இன்டரப்ட் நிரலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். அது ஓடும்போது மற்ற இன்டரப்ட்கள் காத்திருக்க நேரிடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் நின்றுபோயிருக்கும். அதனால் லினக்ஸ் இதை இரண்டு பாதியாக வெட்டியிருக்கிறது: மேல் பாதி சாதனத்திடமிருந்து அவசரமாக எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் போய்விடும், மீதி வேலையைக் கீழ்ப் பாதி பிறகு ஆறுதலாகச் செய்யும். விண்டோஸிலும் இதே ஏற்பாடு வேறு பெயரில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கணினியிலும் ஒரு மோசமான டிரைவர் இந்த இடத்தில் மில்லிசெக்கன் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் பாட்டுக் கேட்கும்போது சத்தம் வெட்டி வெட்டி வரும், மவுஸ் தத்தித் தத்திப் போகும்.

இன்டரப்டும் எல்லாவற்றுக்கும் போதாது. ஒரு பைட்டுக்கு ஒரு இன்டரப்ட் என்றால் 1 ஜீபீ படத்தை பென் டிரைவ்வுக்குக் கொப்பி பண்ண நூறு கோடிக்கு மேல் குறுக்கீடுகள் வரும். எனவே பெரிய தரவுக்கு நேரடி நினைவக அணுகல் என்ற முறை, டிஎம்ஏ. இந்த முகவரியிலிருந்து இவ்வளவு பைட்டுகளை எடுத்துக்கொள், முடிந்ததும் ஒரு தடவை சொல், என்று சில்லிடம் ஒப்படைத்துவிட்டுப் புரொசசர் போய்விடும். கொப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், புரொசசர் பெரிதாக ஒன்றும் செய்துகொண்டிருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாடப்புத்தகம் படித்தால் பழைய கேட்டுக்கேட்டுக் காத்திருக்கும் முறை ஒழிந்துபோனது என்ற எண்ணம் வரும், அப்படி இல்லை. யூ.எஸ்.பி. கீபோர்டோ மவுஸோ தானாகக் கணினியைக் கூப்பிட முடியாது. கணினிப் பக்கச் சில்லுதான் சில மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை போய் "ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு வரும். சாதாரண மவுஸ் என்றால் செக்கனுக்கு 125 தடவை. கேமிங் மவுஸ் பெட்டியில் 1000 ஹேர்ட்ஸ் என்று பெருமையாகப் போட்டிருப்பதும் இதே கேள்வி கேட்கும் வேகத்தைத்தான். லினக்ஸின் வலையமைப்புப் பகுதியும் தரவு மழையாகக் கொட்டத் தொடங்கினால் இன்டரப்டை அணைத்துவிட்டுக் கேட்டுக்கேட்டு வாங்கும் முறைக்கு மாறிவிடும், கூட்டம் குறைந்ததும் பழையபடி. எப்போதாவது வருவதற்கு இன்டரப்ட் மலிவு, விடாமல் வருவதற்குக் கேட்பதே மலிவு.

இதற்கு மேலே டிரைவர் அடுக்கு. ஒரு குறிப்பிட்ட சில்லின் குணங்கள் எல்லாம் தெரிந்தது இது ஒன்றுதான், அதனால்தான் இதை பெரும்பாலும் சாதனம் செய்தவரே எழுதித் தருகிறார். பென் டிரைவ் எந்தக் கம்பனியுடையது என்றாலும் சீடி போடாமலே வேலை செய்கிறதே என்று கேட்கலாம். யூ.எஸ்.பி. சாதனம் செருகப்பட்டதும் தன்னை அறிமுகப்படுத்துகிறது: தயாரித்தவர் இலக்கம், சாதன இலக்கம், கூடவே எந்த வகுப்பு என்ற எண். கீபோர்ட், மவுஸ் 3ஆம் வகுப்பு, பிரிண்டர் 7, பென் டிரைவ் 8. 8ஆம் வகுப்பு என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு டிரைவர் போதும், அது விண்டோஸிலேயே இருக்கிறது. பிரிண்டர் 7ஆம் வகுப்பு என்று சொன்னாலும் கதை அங்கே முடிவதில்லை, ஏனென்றால் கேபிள் வழியே பைட்டுகளை அனுப்ப மட்டும்தான் அந்த வகுப்பு உதவும், அந்தப் பைட்டுகள் எந்தப் பாஷையில் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பிரிண்டருக்கும் வேறு. விலை குறைந்த சில லேசர் பிரிண்டர்களுக்குப் பக்கத்தை வரைகிற மூளையே கிடையாது. டிரைவர்தான் பக்கம் முழுவதையும் புள்ளிகளாக மாற்றித் தனக்கும் பிரிண்டருக்கும் மட்டுமே தெரிந்த முறையில் அனுப்புகிறது. டிரைவர் மாறிப்போனால், தாளுக்கு ஒரு வரி விளங்காத குறியீடுகளோடு தாள் தாளாக வந்து விழும். மை தீர்ந்ததாலோ வைரஸாலோ வருகிற கோளாறு இல்லை இது. பிரிண்டர் தன் பாஷை இல்லாத ஒன்றை எழுத்துக்கெழுத்து அச்சடிக்கிறது, அவ்வளவுதான்.

நல்ல நிலையில் இருக்கிற ஸ்கேனர்கள் மூலையில் தூசி பிடிப்பதற்கும் காரணம் இந்த அடுக்குதான். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய கெர்னல் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது, 64 பிட்டில் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். தயாரித்தவர் புதிதாக எழுதித் தராவிட்டால், கண்ணாடியும் மோட்டாரும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த இயந்திரம் கணினியின் கண்ணுக்குச் செத்ததுதான்.

டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே, எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓடுகின்றன. ஒரு பிழை முழுக் கணினியையும் விழுத்திவிடும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு லினக்ஸ் நிரலைச் சல்லடை போட்டுப் பார்த்தபோது டிரைவர்களில் பிழை விகிதம் கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்குவரை அதிகம் என்று கண்டது. 2024 ஜூலை 19ஆம் தேதி உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் நீலத்திரை வந்ததே, அன்றைக்கு விழுந்தது கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசொஃப்ட் கணித்தது. அது ஒரு பிரிண்டருக்கோ கமராவுக்கோ எழுதிய டிரைவர் இல்லை என்றாலும் உட்கார்ந்திருந்த இடம் அதே இடம். இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. பேராசிரியர் டனன்பாம் 2005இல் வெளியிட்ட மினிக்ஸ் 3 என்ற பணிசெயல் முறைமை, டிரைவர்களை எல்லாம் சாதாரண மென்பொருள் போலக் கெர்னலுக்கு வெளியே ஓடவிட்டது, ஒன்று விழுந்தால் அதை மட்டும் எழுப்பிக்கொள்ளலாம். விண்டோஸும் விஸ்டா காலத்திலிருந்து சில வகைச் சாதனங்களுக்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறது.

இப்போது நமக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருவோம், தமிழ் தட்டச்சு. கீபோர்ட் கணினிக்கு எழுத்தை அனுப்புவதே இல்லை. ஆங்கில ஏ (A) என்று பொறித்த விசையை அழுத்தினால் பழைய பீ.சி. முறையில் வருவது 30 என்ற எண், விட்டால் 158, அதாவது அதனோடு 128 கூட்டிய எண். எந்த இடத்து விசை என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. டிரைவருக்கும் அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேலே, எந்தச் சாதனத்தையும் சாராத ஓர் இடத்தில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் தளக்கோலம் இருக்கிறது. அங்கே தமிழ் 99 தெரிவாகியிருந்தால் அந்த 30, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அகரத்துக்குரிய எண்ணான 2949 ஆகும், ஆங்கிலம் என்றால் வேறு எண். நம் நாட்டில் பலர் பழகிய ரெங்கநாதன் தளக்கோலமும் இதே அடுக்கில்தான் வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் ஒலியை அடித்துத் தமிழாக மாற்றும் கருவிகள் இதற்கும் மேலே, பயனர் பக்கத்தில்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இந்த வரிசை முழுவதையும் ஏமாற்றிவிட்டுப் போகிறது. பாமினியில் அகரம் வேண்டுமானால் ஆங்கில எம் (m) விசையை அழுத்துகிறோம். விசைக் குறியீடு, தளக்கோலம், கோப்பில் பதியும் எண் எல்லாமே ஆங்கில எம்தான், 109. கடைசியில் திரையில் வரையும்போது எழுத்துரு மட்டும் எம்முக்கு 'அ' படத்தை வரைகிறது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் ஒரு தமிழ் எழுத்தும் கிடையாது. அதனால்தான் பாமினியில் அடித்த கடிதத்தை பாமினி இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரிகிறது, அதனால்தான் அதற்குள் ஒரு பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. எழுத்துருவைப் பொதிந்து பீடிஎஃப் ஆக்கிவிட்டால் அச்சு மட்டும் ஒழுங்காக வரும், டியூஷன் வினாத்தாள்கள் எல்லாம் அப்படித்தான் கைமாறுகின்றன. ஆனால் கட்டம் கட்டமாக வருவது முற்றிலும் வேறு கோளாறு: அங்கே எண்கள் சரியான தமிழ் யூனிகோட், அவற்றை வரைய அந்த எழுத்துருவில் தமிழ் உருக்கள் இல்லை. குப்பையாக வந்தால் உள்ளே இருக்கிற தரவே வேறு, மாற்றி எடுக்க வேண்டும். கட்டமாக வந்தால் தரவில் கை வைக்காதீர்கள், எழுத்துருவை மாற்றினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு முழுக் கடிதத்தையும் திருப்பி அடிக்கக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டளைகளை அடிக்கும் லினக்ஸ் முனையத்தில் இன்னொரு நுணுக்கம். வரியை அடித்து முடிக்கும்வரை அதைப் பிடித்து வைத்திருப்பதும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழிப்பதும் கெர்னலுக்குள் இருக்கும் ஓர் அடுக்கின் வேலை. தமிழ் யூனிகோட் எண் ஒவ்வொன்றும் கோப்பில் 3 பைட் பிடிக்கும். 'கி' என்றால் ககரத்துக்கு 2965, விசிறிக்கு (ி) 3007, ஆக 6 பைட். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய அடுக்கு ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட்டைத்தான் அழித்தது, மிச்சம் உடைந்த துண்டு. 2004இல் வந்த லினக்ஸ் 2.6.4இல் இதற்கென்று ஒரு கொடி, அதாவது இயக்கி அணைக்கக்கூடிய ஓர் அமைப்பு, சேர்த்தார்கள், அதை ஏற்றிவிட்டால் முழு எண்ணாக அழியும். அப்போதும் 'கி'யில் விசிறி போய் 'க' நிற்கும், அது நமக்குப் பழகிவிட்டது.

தளக்கோலம் இருக்கும் இந்தச் சாதனம் சாராத நடு அடுக்குதான் என்னைக் கேட்டால் இருப்பதிலேயே அழகான பகுதி. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை 1969இலிருந்து கட்டிய தொம்ப்சனும் ரிச்சியும் இங்கே ஒரு முடிவெடுத்தார்கள்: சாதனத்தையும் கோப்பு போலவே திற, வாசி, எழுது, மூடு. டெவ் என்ற கோப்புறைக்குள் டிஸ்க்கும் முனையமும் சாதாரணக் கோப்புகள் போலப் பெயரோடு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இரண்டு எண்கள், முதலாவது எந்த டிரைவர் என்பதைச் சொல்லும், இரண்டாவது அந்த டிரைவர் பார்க்கும் சாதனங்களில் எது என்பதைச் சொல்லும். கோப்பில் எழுதத் தெரிந்த மென்பொருளுக்குச் சாதனத்தில் எழுதவும் தெரியும். இந்த ஒழுங்குக்குள் அடங்காத வேலைகளுக்கு, சீடியை வெளியே தள்ளுவது போன்றவற்றுக்கு, ஒரு புறக்கடை வாசலும் வைத்திருக்கிறார்கள். காலப்போக்கில் அந்த வாசல் வழியே ஊரே போய்வருகிறது என்பது வேறு கதை.

தாங்ககம், அதாவது பஃபர், இந்த அடுக்கில்தான் இருக்கிறது. பென் டிரைவ்வில் கோப்பு காணாமல் போகிற கதையும் இங்கேதான். மென்பொருள் "எழுது" என்று சொன்னவுடன் முறைமை தரவை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லிவிடும், உண்மையில் எழுதுவது பிறகு. குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஒவ்வோர் ஆளுக்காகவும் மண்டூருக்குப் புறப்பட்டால் கட்டுமா, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆட்களும் சேரட்டும் என்று நிற்கிறதல்லவா, அதே கணக்குத்தான். லினக்ஸில் வழமையான அமைப்பின்படி, எழுதப்படாத தரவு 30 செக்கன் பழையதாகிவிட்டால் எழுதும் வரிசைக்கு வரும், அதைப் பார்க்கும் வேலையாள் 5 செக்கனுக்கு ஒரு தடவை எழும்புவார். கொப்பி பட்டை சட்டென்று முடிந்துவிட்டது, ஆனால் கழற்றக் கொடுத்தால் நெடுநேரம் சுற்றுகிறது என்றால் காரணம் இதுதான். விண்டோஸ் 2018இல் வந்த 1809 பதிப்பிலிருந்து வெளிச் சேமிப்பகங்களுக்கு உடனே எழுதிவிடும் முறையை வழமையாக்கியது, கழற்றுவதற்கு முன் பத்திரமாக நீக்கு என்று கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை என்றானது. அதற்காகக் கொப்பி ஓடும்போது பிடுங்கலாம் என்று அர்த்தமில்லை. பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி என்ற கோப்பு முறைமைகள் இரண்டுக்கும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் குறிப்பேடு கிடையாது, பாதியில் அறுந்தால் எது எங்கே என்ற அட்டவணையே குழம்பும்.

கணினிக்குள் இருக்கிற டிஸ்க்குக்கு விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் எக்ஸ்ட்4உம் அந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்களே, யூ.பி.எஸ். இல்லாத கணினிகளும் பெரும்பாலும் திரும்ப எழும்பியதற்கு இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது காப்பாற்றுவது கோப்பு முறைமையின் கட்டமைப்பை மட்டும். ராமில் இருந்த நம்முடைய அசைன்மென்ட்டின் கடைசி இரண்டு பக்கத்துக்கு அது பொறுப்பில்லை. வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் ஒலுவிலில் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் சேவ் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

பிழையைக் கையாள்வதும் பாதி இந்த அடுக்கில், பாதி டிரைவரில். டிஸ்க்கில் ஒரு இடம் வாசிக்க முடியாமல் போனால் டிஸ்க் தானே திரும்பத் திரும்ப முயலும், டிரைவரும் காத்திருந்து முயலும். லினக்ஸில் ஒரு டிஸ்க் கட்டளைக்கு வழமையாக 30 செக்கன் பொறுமை உண்டு. சாகப்போகிற ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி பிழை ஒன்றும் காட்டாமல் இடையிடையே உறைந்து உறைந்து நிற்பது இதனால். "மெஷின் ஸ்லோ, ராம் போட்டுத் தாங்க" என்று வருகிறவர்களுக்கு ராம் விற்பதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது நியாயம்.

கடைசியாக மேல் அடுக்கு, கெர்னலுக்கு வெளியே. இங்கேதான் ஸ்பூலர் குடியிருக்கிறது. ஒரு பிரிண்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அச்சடிக்க முடியாது, ஒருவர் கைப்பற்றிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டால் மற்றவர்கள் பாடு? ஆகவே எவருக்கும் பிரிண்டரை நேரே கொடுப்பதில்லை. எல்லோரும் தம் ஆவணத்தை ஒரு கோப்புறையில் போடுகிறார்கள், பின்னணியில் ஓடும் ஒரே ஒரு மென்பொருள் வரிசையாக எடுத்து அனுப்புகிறது. விண்டோஸில் அந்தக் கோப்புறை சிஸ்டம்32க்குள், ஸ்பூலுக்குள், பிரிண்டர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

"தம்பி, டிலீட் கொடுத்தும் போகுதில்ல, கணினியை ஓஃப் பண்ணிப் போட்டாலும் அதே பக்கம் வந்து நிக்குது." இதைக் கேட்காத கடை இருக்காது. ஸ்பூலர் பிரிண்டரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது நாம் அழி என்றால், அது அழிக்க வேண்டியது என்று குறித்துக்கொள்கிறதே தவிரக் காத்திருப்பதை விட்டு வருவதில்லை. கணினியை மூடித் திறந்தாலும் ஆவணம் டிஸ்க்கில் கோப்பாக இருப்பதால் ஸ்பூலர் எழும்பியதும் அதையே மறுபடி அனுப்பத் தொடங்கும், கரண்ட் போனாலும் வரிசை அழியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சேர்விசஸ் பட்டியலுக்குப் போய் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அந்தக் கோப்புறைக்குள் இருப்பதை மட்டும் அழித்து, திரும்ப ஓடவிட்டால் தீர்ந்தது. கேபிளை வேறு யூ.எஸ்.பி. துளைக்கு மாற்றியதும் பிரிண்டர் பட்டியலில் அதே பெயரில் இரண்டாவது ஒன்று முளைத்து, பழையது ஓஃப்லைன் என்று நிற்பது வேறு கதை: தொடர் இலக்கம் சொல்லாத சாதனத்தை விண்டோஸ் செருகிய துளையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. பழைய துளைக்கே மாற்றிச் செருகிப் பாருங்கள்.

இந்த அப்பாவி ஸ்பூலர்தான் 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பெயரில் பெரிய பாதுகாப்புத் தலையிடியானது. ஸ்பூலர் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிறது, வலையமைப்பு வழியே டிரைவரை ஏற்றிக்கொள்ளவும் செய்யும்; இரண்டும் சேர்ந்தால் வெளியாள் ஒருவர் பிரிண்டர் டிரைவர் என்று சொல்லித் தன் நிரலை ஓட்டிவிடலாம். மைக்ரோசொஃப்ட் வழமையான நாளுக்குக் காத்திராமல் திருத்தம் வெளியிட்டது, அடுத்த மாதத் திருத்தத்தோடு பிரிண்டர் டிரைவர் நிறுவ நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்றாக்கியது. அலுவலகங்களில் திடீரென்று பிரிண்டர் நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கெல்லாம் சேர்த்து இப்போது டிரைவர் அடுக்கையே பிரிண்டரிலிருந்து கழற்றும் வேலை நடக்கிறது. போனிலிருந்து டிரைவர் எதுவும் போடாமல் வைஃபை பிரிண்டருக்கு அச்சுக் கொடுக்கிறோமே, அந்த முறையில் பொதுவான ஓர் அச்சுப் பாஷையைப் பிரிண்டரே பேசுகிறது. தனித்தனி டிரைவர் செய்த வேலை பிரிண்டருக்குள் போய்விட்டது. 2023 செப்டம்பரில் மைக்ரோசொஃப்ட், தயாரிப்பாளர்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. நம் கடைகளில் உழைக்கிற பழைய யூ.எஸ்.பி. லேசர்களில் பல இந்தப் பொதுப் பாஷையைப் பேசாதவை. இருக்கிற டிரைவர் கோப்பை இப்போதே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் டிரைவர் இல்லாமல் அச்சடிக்கலாம் என்பதைக் காட்டும் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.